பசியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு குசினி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அடுப்புக்கு மேலே சுற்றுகிற காற்றாடி போடும் இரைச்சலில் தள்ளி உட்கார்ந்தால் என் பேச்சு கேட்காது. பசித்தவனுக்கு யார் வேண்டுமானாலும் சமைத்துவிடலாம். பசியே இல்லாத பிள்ளைக்குச் சமைப்பதுதான் என் தொழில்.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு இரட்டை மாடி வீடு இருக்கிறது. புற்றுநோய் வந்த பிள்ளைகளை வெளியூரிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற தாய் தகப்பன்மார் தங்குவதற்காக, நல்ல மனசுக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம்ம பிள்ளை, எல்லாருக்கும் ஒரே குசினி, ஒரே ஆன்ட்டி. அந்த ஆன்ட்டி நான்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவள். சமையல் எனக்கு முன்பே தெரியும். சுத்தத்தை மட்டும் வார்டில் நர்ஸாக இருக்கிற மிஸ்ஸி ரோஸ்னாவிடம் புதிதாகப் படித்தேன். பச்சைக் காய் கூடாது. ஆறின சோறு கூடாது. வெளியில் நறுக்கி விற்கிற பழம் கூடவே கூடாது. மருந்து கெட்டதை அடிக்கிறபோது ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்களையும் சேர்த்து அடித்துப் போட்டுவிடுமாம். நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போய்விடுகிற கிருமி, இந்தப் பிள்ளைகளை ஆளையே கொண்டுபோய்விடும்.

நோயாளிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போய், முகத்தில் துப்பல் வாங்கித் துடைத்துக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் சமையல்காரி அளக்கிறாள் என்பார்கள்.

மாத்திரை கேட்கிறது

யஷ்வினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. கோத்தா திங்கி பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா சேகர் செம்பனைப் பழம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். அம்மா பரமேஸ், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிறவள். பிள்ளைக்கு ரத்தத்தில் புற்றுநோய். வைத்தியம் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தவறாமல் வருகிறோம் என்று பரமேஸும் ஒத்துக்கொண்டாள்.

பசியில்லாத பிள்ளைகள் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு முன்னால் ஒரு பசி மாதம் உண்டு. ஆரம்பத்தில் கொடுக்கிற மாத்திரை ஒன்று பிள்ளையின் முகத்தை ஆப்பம்போல உப்ப வைத்து, வயிற்றுக்குள் ஒரு பூதத்தையும் உட்கார வைத்துவிடும். யஷ்வினி காலையில் இட்லி சாப்பிட்ட கை காயும் முன்னே மீ கோரெங் நூடுல்ஸ் கேட்பாள். அது இறங்கும் முன்னே உருளைக்கிழங்கு. சோறு கொதிக்கிற வரைக்கும் பொறுக்காமல் குசினி வாசலில் நின்று தட்டைத் தட்டுவாள். ஒருநாள் எனக்கு அலுத்துப்போய், "ஏண்டி, இது வயிறா இல்ல லாரியா? ஒங்கப்பா ஏத்துற பழமெல்லாம் இதுக்குள்ள போயிரும் போலருக்கே" என்று கத்திவிட்டேன். வாடிப்போவாள் என்று பார்த்தால், தட்டை இன்னும் பலமாகத் தட்டினாள்.

"நானா கேக்குறேன்? மாத்திரை கேக்குது ஆன்ட்டி. எனக்கு எப்பவோ வயிறு நெறஞ்சிருச்சு. நீங்க அதுக்குப் போடுங்க, நான் சும்மா வாயத் தொறந்து காட்டுறேன்."

பஞ்சாமிர்தம் வந்த கார்

சேகருக்கு ஓர் அண்ணன். உலகநாதன் என்று பெயர், தோட்டத்துக் கோயில் தலைவர். குரல் கொடுத்தால் கோயில் மணிக்கு வேலையில்லை. அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதிலிருந்து கறிக்கு ஆடு பார்ப்பது வரைக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். கையில் அடுக்குக் கேரியர். மேல் தட்டில் பஞ்சாமிர்தம், கீழ்த் தட்டில் தயிர்ச்சாதம். நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. இது உள்ள போகாது."

"என்னம்மா போகாது? சாமி பிரசாதம்."

"சாமிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பிள்ளைக்கு ஆகும்."

"முருகன் குடுத்ததுல கிருமி இருக்குன்னு சொல்றீங்களா?"

"முருகன் நல்லபடியாத்தான் குடுத்திருப்பாரு. கோத்தா திங்கியிலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ஒங்க காருக்குள்ள கெடந்து வெந்துச்சே, அதுக்கு அவரு என்ன செய்வாரு?"

மாடி சன்னலிலிருந்து யஷ்வினி சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். அப்புறம் அதை என் கையில் திணித்தார். பஞ்சாமிர்தத்தை நான் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன், நெய் நல்ல நெய். ஆனால் கேரியரைக் கொடுக்கிறபோது அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொல்கிறேன்:

"மந்திரி வந்தாலே மாலை போட்டு உள்ள கூட்டிட்டுப் போற ஆளும்மா நான். என்னைய வாசல்லயே மடக்குன மொத ஆளு நீங்கதான்!"

இலைத் தண்ணி

இந்த ஒன்றைச் சிரித்துக்கொண்டு சொல்ல வராது.

யஷ்வினி வந்த அதே மாதம் ஹரிஷ் என்று ஒரு பையன் திரும்பி வந்தான். ஆயர் ஈத்தாம்காரர்கள். அப்பாவுக்குப் பூந்தொட்டி, பானை செய்கிற பட்டறையில் வேலை. முந்தின வருஷமே கழுத்தில் கட்டியோடு வந்து, மருந்து ஏற்றி, கட்டி கரைந்து, கன்னத்தில் சதை வைத்துப் போனவன். வீட்டுக்குப் போன இடத்தில், டுரியான் பெலண்டா என்கிற முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்தால் போதும், இனி ஊசி எதற்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த முள்ளுப் பழத்து மரம் இந்த ஊரில் எந்த வீட்டுக் கொல்லையில் இல்லை? பையன் ஓடியாடிப் பந்து விளையாடினானாம். ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மறுபடி வந்தபோது அப்பா தோளில் கிடந்தான்.

நெத்திலிச் சம்பல் வேண்டும் என்றான். உறைப்பே இல்லாமல் செய்து கொடுத்தேன். ரெண்டு வாய் வாங்கினான். டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் பார்த்தார்கள். பையன் ஊருக்கு உயிரோடு போகவில்லை. துணிமணியை எடுக்க அப்பா வந்தபோது நான் ஆத்திரத்தில் கத்தினேன். இலை கொடுத்தவன் யார், அவனைக் கொண்டு வா, என் பெரிய குவாலிச் சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறேன் என்றேன். பக்கத்தில் பரமேஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஹரிஷின் அப்பா பதில் சொன்னபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"இலையைச் சொல்லாதீங்கக்கா. பிள்ளை சிரிச்சிக்கிட்டு ஓடுனான். அதைப் பாத்து நான்தான் எல்லாம் போயிருச்சுன்னு நம்பிட்டேன்."

சுத்தமாகிவிட்டதாம்

பசி மாதம் முடிந்து யஷ்வினிக்கு எலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட அணு ஒன்றுகூடக் கண்ணுக்குப் படவில்லை என்றார் டாக்டர். பரமேஸ் என் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் என் சட்டை நனைந்துவிட்டது. மிஸ்ஸி ரோஸ்னா எல்லாரையும் உட்கார வைத்து மலாயில் நிதானமாகச் சொன்னாள். தோட்டத்தில் லாலாங் புல் வெட்டியிருப்பீர்கள்தானே, வெட்டின மறுநாள் தரை எவ்வளவு சுத்தமாகத் தெரியும், ஆனால் வேர் உள்ளே இருக்கும், அதற்குத்தான் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல் மருந்து என்றாள். லாலாங் வெட்டிக் கை காய்த்த எனக்கு அது சட்டென்று புரிந்தது.

பெரியப்பாவின் காதில் 'சுத்தம்' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அடுத்த நாளே காரோடு வந்துவிட்டார். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். நான் மிஸ்ஸி சொன்னதைத் திரும்பச் சொன்னேன். பெரியப்பா கோபப்படவில்லை, ரொம்ப மரியாதையாகக் கை கூப்பினார். உலகநாதன் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பரமேஸ் துணியை மடித்து வைத்தாள். பிள்ளையின் தட்டை மட்டும் எடுக்காமல் என் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்து அவள் செய்த முதல் எதிர்ப்பு அதுதான். காரில் ஏறும்போது பெரியப்பா சொன்னார்:

"புள்ள மேல நோவே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே எதைப் பாத்தும்மா ஊசி போடப் போறாங்க? பாவம், விடுங்க, வீட்டுல ஓடி விளையாடட்டும்."

ஒலிபெருக்கி

அடுத்த மருந்துக்குச் சொன்ன நாள் வந்தது. பிள்ளை வரவில்லை. மிஸ்ஸி போன் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாதான் எடுத்தார். "நல்லா இருக்கா மிஸ்ஸி, நல்லா சாப்பிடுறா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஹரிஷின் முகம் எனக்குச் சோற்றுப் பானைக்குள் தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பெரியப்பாவே என்னைக் கூப்பிட்டார். பிள்ளை குணமானதற்குக் கோயிலில் நன்றிப் பூஜை, அன்னதானம். "நீங்க கண்ணுல வெச்சுப் பாத்தீங்க, நீங்க வராம இருக்கக்கூடாது" என்றார். மிஸ்ஸியிடம் சொன்னேன். "போங்க ஆன்ட்டி, பிள்ளை இல்லாம மட்டும் திரும்பாதீங்க" என்றாள்.

பஸ் பிடித்துப் போனேன். கோயில் கொட்டகையில் தோட்டமே கூடியிருந்தது. யஷ்வினி பட்டுப் பாவாடையில், முகமூடி போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். அந்தக் கூட்டத்தில் யார் இருமினாலும் ஆபத்து அவளுக்குத்தான். பரமேஸைத் தேடிப் போய்க் காதில் சொன்னேன்: "நாள் தப்பிப் போச்சும்மா. இனி ஒவ்வொரு நாளும் வேர் வளருது." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் சொன்னா யாருக்கா கேக்குறாங்க" என்றாள். பட்டுப் பாவாடைக்காரி பின்னாலேயே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா ஒலிபெருக்கியைப் பிடித்தார். நம்ம பக்கம் காவடி நேர்ந்துகொண்டால் தொடர்ந்து மூன்று வருஷம் எடுப்பது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். யஷ்வினி நோயில் படுத்ததும் அவர் நேர்ந்துகொண்டு, இந்தத் தைப்பூசத்தில் முதல் காவடி எடுத்திருந்தார். அதைச் சொல்லி, குரல் தழுதழுத்து, பிள்ளையை முன்னால் இழுத்து, "எல்லாருக்கும் நன்றி சொல்லும்மா" என்று ஒலிபெருக்கியை அவள் வாயருகே நீட்டினார். அவள் நன்றி சொல்லவில்லை.

"பெரியப்பா, எனக்குத்தான் நல்லாயிருச்சே. நீங்க ஏன் இன்னும் ரெண்டு வருஷம் காவடி எடுக்கணும்?"

கூட்டம் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். "நேந்துக்கிட்டதைப் பாதியில விடக்கூடாதும்மா."

"ஒரு வருஷத்துலயே சாமி கேட்டதைக் குடுத்துட்டாருல்ல?"

"குடுத்தாலும் முழுசா முடிக்கணும். அதான் மொறை. பாதியில விட்டா அது பெரிய தப்பு."

"அப்ப டாக்டர்கிட்ட ரெண்டு வருஷம் வர்றேன்னு அம்மா சொன்னாங்களே. அதை மட்டும் பாதியில விடலாமா?"

ஒலிபெருக்கி கீய்யென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகளில் ஒருத்தி, "அலமாக், சரியாத்தானே கேக்குது பிள்ளை" என்றாள். பெரியப்பா, "அது வேற, இது வேறம்மா" என்று இழுத்தார். "பூஜையெல்லாம் முடியட்டும், நாள் பாத்துப் பேசிக்கலாம்" என்றார். அப்போதுதான் பரமேஸ் எழுந்தாள். கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து வந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். கொழுந்தனும் நாத்தனாரும் பார்க்க, ஊரே பார்க்க, ஒலிபெருக்கி அவள் பக்கமே திரும்பியிருக்க, நான் கேட்ட அவளுடைய நீளமான பேச்சு அதுதான்:

"நாள் ஏற்கெனவே தப்பிப் போச்சு மாமா. நாளைக்குக் காலைல நாங்க போறோம். ஒங்க கார் வேணாம், இவரு பழம் ஏத்துற லாரியிலயே போய்க்கிறோம்."

ரசத்தில் ஆணி

லாரியில் போகவில்லை. தலைவர் வீட்டுப் பிள்ளை பழ லாரியில் போனால் ஊர் என்ன சொல்லும்? காலையில் பெரியப்பாவே காரை எடுத்தார். டாக்டர் மறுபடி ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, நல்லவேளை, இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னொரு தரம் இப்படி விளையாடாதீர்கள் என்று எல்லாரையும் நிற்க வைத்துத் திட்டினார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கிய அழகை நான் பார்க்கவில்லை. யஷ்வினி வந்து நடித்துக் காட்டினாள்.

அதற்கப்புறம்தான் என் தொழில் ஆரம்பம். மருந்து ஏற ஏற முடி கொட்டியது, வாய் புண்ணானது, எதைக் கொடுத்தாலும் வேண்டாம். சோறு மண்ணு, கஞ்சி சோப்புத் தண்ணி. நாக்கில் இரும்பு ருசி வரும், சில்வர் கரண்டியைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அது தெரியாமல் முந்தின நாள்வரை நான் உப்பையும் புளியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புது கரண்டியில் ரசஞ்சோறு நாலு வாய் இறங்கியது. அஞ்சாவது வாய்க்கு, மொட்டைத் தலையை ஆட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"இன்னைக்குப் பரவால்ல. நேத்து மட்டும் ரசத்துல ஏன் ஆன்ட்டி ஆணி அடிச்சீங்க?"

பத்து பாகாட்காரர்

ரெண்டாம் வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடி வளர்ந்து, மறுபடி கொட்டி, மறுபடி வளர்கிறது. காய்ச்சல் வந்து நாங்கள் நடுங்கின நாள்களும் உண்டு. முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்ல? ஒன்று மட்டும் சொல்வேன். சொன்ன நாளில் பிள்ளை வந்துவிடுகிறாள். கூட்டிக்கொண்டு வருவது யார் என்கிறீர்கள்? பெரியப்பாதான். ரெண்டாவது காவடியும் எடுத்தாகிவிட்டது.

போன வாரம் பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். துணி தைக்கிற தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறவர். அவர் மகனுக்கு முதல் மாத மருந்து முடிந்து ரத்தம் சுத்தம் என்று வந்திருந்தது. மூட்டையை ஏற்கெனவே கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். "பையன் நல்லாத்தானே இருக்கான், ஏன் போட்டு வதைக்கணும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி காலையிலேயே பேசிப் பார்த்தாள். நான் பேசினேன். காதில் ஏறவில்லை.

யஷ்வினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போய், எப்போதும் சன்னலோரம் உட்காருகிற பெரியப்பாவின் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பத்து பாகாட்காரருக்கு நேர் எதிரே வைத்தாள். கை கழுவிவிட்டு வந்த பெரியப்பா, தட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாதவள்போல, "பெரியப்பா, இந்த அங்கிள் மகனுக்கு ரத்தம் சுத்தமாயிருச்சாம். அதனால மருந்தை விட்டுட்டு வீட்டுக்குப் போறாங்களாம்" என்றாள்.

பிசைந்த சோற்றை அப்படியே விட்டார் உலகநாதன்.

"என்னது? ஒக்காருங்க தம்பி. எங்கயும் போகாதீங்க, ஒக்காருங்க. நான் ஒரு மடையன் இருந்தேன், அவன் கதையச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். கதைக்குள் லாலாங் வேர் வந்தது. ஆயர் ஈத்தாம் பையன் ஹரிஷ் வந்தான். டாக்டரிடம் வாங்கின திட்டு வந்தது. காவடி வந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே மாடியில் படுத்திருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பத்து பாகாட்காரரின் மனைவி ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் எழுந்து போய் மூட்டையை அவிழ்த்தாள். அவர் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை.

நான் யஷ்வினியின் காதருகே குனிந்து, "ஏண்டி, எல்லாம் ஒனக்கே தெரியுமே. நீயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நான் சொன்னா சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்பாங்க ஆன்ட்டி. பெரியப்பான்னா முடிக்கிற வரைக்கும் யாரையும் எந்திரிக்க விடமாட்டாரு."

இப்படியாக எங்கள் வீட்டில் வைத்தியம் டாக்டர் பொறுப்பு, சமையல் என் பொறுப்பு, பெரியவர்களை எந்த இடத்தில் உட்கார வைத்துப் பேசவிட வேண்டும் என்பது மட்டும் யஷ்வினியின் பொறுப்பு, அதற்குக் கூலியாகத்தான் பெரியப்பாவின் பேச்சு முடிவதற்குள் அவருக்கென்று நான் மூடி வைத்திருந்த பொரித்த மீனை எடுத்து முள்ளு மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டு முடித்தாள்.